ஏசியை அணைக்காமல் ஏறியவளுக்கு

எழில் பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். பழைய காரும் நன்றாக இருக்கிறது. ஃபோனில் தெருவில் உள்ள எல்லோரையும் விசாரிக்கிறாய், அதை மட்டும் விசாரிப்பதில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஓசூருக்குக் கிளம்பிய காலையில் உன் கையில் கொடுத்திருக்க வேண்டிய கடிதம் இது. அன்றைக்கு உனக்குப் புளிசாதம் கட்டவும், டயரில் காற்று இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் குனிந்து பார்க்கவும், வாசலில் நின்று அழாமல் இருக்கவும்தான் எனக்குப் பொழுது சரியாக இருந்தது. எழுத உட்கார இத்தனை நாள் ஆகிவிட்டது. தாமதமானதும் நல்லதற்குத்தான். அன்று எழுதியிருந்தால் இது முழுக்கப் பயமாக இருந்திருக்கும். இன்று எனக்குச் சொல்லிக்கொள்ளப் பெருமையான சங்கதிகள் இருக்கின்றன. நம் பீங்கான் யூனிட்டில் வேலை செய்யும் பெண்களுக்கும் இதைப் படித்துக் காட்டப்போகிறேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் வண்டி கேட்கிற வீடுகளில் எல்லாம் இப்போது இதே சண்டைதான் நடக்கிறது. ஊருக்குள் ஓட்டுகிற ஒரு சின்னக் காருக்கு டர்போ இன்ஜின் எதற்கு? நீ வேண்டும் என்றாய், நான் கூடாது என்றேன். யார் ஜெயித்தது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டியது தோற்றவளின் கடமை. தோற்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் இடைவெளி. கல்லூரியில் வேதியியல் கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் சுமந்துகொண்டுதான் எழுதினேன். நீ உதைத்தால் ஏன் உதைக்கிறாய் என்று பயப்படுவேன். உதைக்காவிட்டால் ஏன் உதைக்கவில்லை என்று பயப்படுவேன். நீ பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. முதல் வகுப்புக்கு நீ ஆட்டோவில் போனபோது, நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் வருவேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது நீயே ஆரம்பித்தாய். "ஏம்மா, ஆட்டோ மாமா கேக்கச் சொன்னாரு. தெனமும் பின்னாடியே வராங்களே ஒங்கம்மா, அதுக்கு அவங்களே கூட்டிக்கிட்டுப் போவலாமில்லன்னு." அப்பா சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். அப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் நீ இன்ஜினியரிங் முடித்து, வேலையும் வாங்கிக்கொண்டு, டர்போ வைத்த காரில் தனியாக ஓசூர் போகிறேன் என்று வந்து நின்றாய்.

கார் என்றால் அதுவரை நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய அந்த வெள்ளைக் கார். நம் பீங்கான் யூனிட்டிலிருந்து கடைகளுக்குப் போகும் ஃபியூஸ் கட்டைகளும் விளக்குகளும் பொம்மைகளும் அட்டைப்பெட்டிகளில் அதன் பின்னால் ஏறும். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் சொந்தக்காரர்கள் ஏறுவார்கள். சின்ன இன்ஜின். ஆளும் ஏறி, பெட்டியும் ஏறி, ஏசியும் ஓடினால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பாலம் ஏறினாலும், முன்னால் போகிற லாரியைத் தாண்டினாலும், ஓட்டுகிறவர் "பாப்பா, ஏசி!" என்று குரல் கொடுக்க வேண்டும். பின் சீட்டின் நடுவில் இருக்கும் நீ முன்சீட்டுகளுக்கு இடையே கையை நீட்டி, பட்டனை அமுக்கி ஏசியை அணைப்பாய். காருக்குக் கொஞ்சம் பலம் கூடும். தாண்டி முடித்ததும் "போடலாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போடுவாய். ஓவர்டேக் என்பதே இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாய். ஒருமுறை உன் தோழி வீட்டுக் காரில் போய்விட்டு வந்து, "அவங்க வூட்ல ஏசிய அணைக்காமயே பாலம் ஏறுறாங்கம்மா" என்று சொன்னாய். அவர்கள் வீட்டுக்குள் நீச்சல்குளத்தைப் பார்த்துவிட்டு வந்தவள்போல இருந்தது உன் முகம்.

ஓசூர்க் கம்பெனியில் ஷிப்ட் வேலை, தங்கும் இடம் தொலைவு, அதனால் கார் வேண்டும் என்றபோது நான் மறுக்கவில்லை. எந்தக் கார் என்பதில்தான் வம்பு வந்தது. ஷோரூமில் ஒரே காரை இரண்டு விதமாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் சாதாரண இன்ஜின். மற்றதில் அதைவிடச் சின்ன இன்ஜின், ஆனால் டர்போ. விற்பனைக்கு நின்ற தம்பி, "சிட்டிக்குள்ள ஓட்டவா மேடம், லாங் போகவா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல சிட்டியே கெடையாதுப்பா" என்றார் அப்பா. "ஒரே ஒரு கடைவீதி இருக்குது. இப்ப அதுல போற வண்டிங்களவிட எங்க கல்யாண ஊர்வலம் வேகமாப் போச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "ரெண்டாவது கியருக்கு மேல போட எடமில்ல. ஒரு பக்கம் ஆட்டோ நிக்கிது, ஒரு பக்கம் மாடு நிக்கிது. இதுல டர்போ வச்சி என்னாடி பண்ணப்போற?"

"நான் என்னா கடைவீதியிலயேவா குடியிருக்கப் போறேன்? ஓசூர் போவணும்மா."

"ஓசூர்ல மட்டும் சிக்னல் இல்லாமயா இருக்குது?"

"அந்தச் சிக்னலுக்கும் நம்மூருக்கும் நடுவுல தொப்பூர் மலை இருக்குதே, அத யாரு ஏறுறது?"

வீட்டுக்கு வந்து, டர்போ என்றால் என்ன என்று நீ எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். இன்ஜினிலிருந்து புகையாக வெளியேறுகிற காற்று ஒரு சின்ன விசிறியைச் சுற்றுகிறது. அதோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினின் வேலையைச் செய்யும். எல்லாம் சொல்லிவிட்டு, எனக்குச் சுலபமாகப் புரிய வேண்டும் என்று, "நம்ம சூளையில ப்ளோவர் இருக்குதில்ல, அது மாதிரிதாம்மா" என்றாய். அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். உன் வயதில் பாதிக்கு மேல் நான் சூளை முன்னால் நின்றிருக்கிறேன். காற்று கூடினால் நெருப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பச்சையாக அடுக்கின சாமான் ஈரம் விடும் முன்னே ப்ளோவரைக் கூட்டினால், உள்ளே பட் பட் என்று வெடிக்கிற சத்தம்தான் கேட்கும். "அப்ப சூடும் கூடத்தானே வரும்? தேயறதுக்கு ஒரு பாகம் கூடத்தானே? ஆயிலு சரியா மாத்தலன்னா என்னா ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாம் நியாயமான கேள்விகள்தான், நீயும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். ஆனால் உண்மையான பயத்தை நான் சொல்லவில்லை. பலமான வண்டி காலை மிதிக்கச் சொல்லும், இருபத்திரண்டு வயதுக் கால் அந்தப் பேச்சைக் கேட்கும். அதுதான் என் பயம்.

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அப்பா சொன்னார். ஓட்டினவள் நான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு காரை இதைவிடத் தவறாக ஓட்டச் சூளை வைத்துப் பிழைக்கிறவர்களால்தான் முடியும். சூளைக்கு முதல் சூடு வைப்பதுபோல மெல்ல மெல்ல அனுப்பினேன். இன்ஜின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே அடுத்த கியரைப் போட்டு அமுக்கினேன். உன் டர்போ விழித்துக்கொள்ளவே நான் விடவில்லை. ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறினேன். பாதி ஏற்றத்தில் கார் முனகியது, குலுங்கியது, நின்றே போனது. பின்னால் வந்த லாரி அடித்த ஹாரனில் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பியிருப்பார்கள். பக்கத்தில் ஊர்ந்துவந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "எக்கா, புது வண்டியா? எறங்கித் தள்ளணுமா?" என்றார்.

"எங்கடி ஒன் டர்போ?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டேன். அவமானத்திலும் எனக்கு ஒரு வெற்றிக் களை.

"அது மூச்ச இழுக்க நீ வுட்டாத்தானேம்மா வரும்? மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடு ஓடுன்னா எப்பிடி ஓடும்?"

"நல்ல வண்டின்னா மெல்ல ஓட்டுனாலும் ஏறணும்."

"மெல்ல ஓட்டு, வேணாங்கல. ரெண்டாவது கியர்ல மெல்ல ஓட்டு."

நீ சொன்னது சரிதான். ஆனால் நான் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டர்போ வைத்த சின்ன இன்ஜின், காற்று வந்து சேரும்வரை அந்தச் சின்ன இன்ஜின்தான். அந்த ஒரு கணத் தயக்கத்தை அறியாதவர்கள் பாலத்தில் நிற்பார்கள். விற்கிறவர்கள் அதைச் சொல்லி விற்க வேண்டும். அன்று அதையே சாக்காக வைத்து, "சாதா இன்ஜினே போதும், இல்லன்னா பஸ்ஸுல போ" என்று தீர்ப்பு சொன்னேன். நீ மாடிக்குப் போனாய். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். நம் வீட்டில் அப்படித்தான், யாரும் கத்த மாட்டோம், டிவிதான் கத்தும்.

அந்த வாரமே கருவேப்பிலங்குறிச்சியில் உன் அத்தை மகளுக்கு வளைகாப்பு வந்தது. வெள்ளைக் காரில் கிளம்பினோம். நான் ஓட்ட, நீ முன்னால், அப்பா பின்னால் அதிரசக் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதற்காக நம் யூனிட் பீங்கான் விளக்குகளைப் பெட்டி பெட்டியாகப் பின்னால் அடுக்கியிருந்தோம். ஊரைத் தாண்டியதும் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஒன்று, இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, ரோட்டின் முக்கால் அகலத்தில் அசைந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே கரும்புத் தோகையைப் பார்த்துக்கொண்டு போனோம். வெயில், புழுதி. எதிரே ரோடு வெறிச்சென்று கிடந்தது. நான் எப்போதும்போலக் கணக்குப் போட்டு, "பாப்பா, ஏசி!" என்றேன். நீ அமுக்கினாய். காரை வலப்பக்கம் வெளியே எடுத்து, ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்தேன்.

முதல் டிரெய்லர் பக்கவாட்டில் வந்தது. அதற்கு மேல் கார் போகவில்லை. சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. பின்னால் விளக்குப் பெட்டி, அதிரசம், மூன்று பேர். அந்தச் சின்ன இன்ஜினிடம் இருந்ததை எல்லாம் அது கொடுத்துவிட்டது. அந்த நேரத்தில் வளைவிலிருந்து பஸ் வந்தது. முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி வந்தது. நான் பிரேக்கை மிதித்துப் பின்வாங்கி, டிராக்டருக்குப் பின்னால் மறுபடி நுழைந்தேன். கரும்புத் தோகை கண்ணாடியைக் கீறிக்கொண்டு போனது. பஸ் கடந்தபோது நம் கார் ஒருமுறை ஆடி நின்றது.

பின்னாலிருந்து அப்பாதான், "அதிரசத்துக்கு ஒண்ணும் ஆவல" என்றார். நீ 'பாத்தியா, சொன்னனே' என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்ல உனக்கு முழு உரிமையும் இருந்தது. நீ சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஆறாம் வகுப்பில் கேட்ட அதே குரலில், ஏசி பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "போடலாமா?" என்று மட்டும் கேட்டாய். பாப்பா, அந்த ஒரு கேள்வியில்தான் என் வாதம் முழுக்க இடிந்து விழுந்தது. பலமான இன்ஜின் உன்னை எதிர்ப்பாதைக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அன்று எதிர்ப்பாதையில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தி, திரும்பி வர வழியில்லாமல் விட்டது பலமில்லாத இன்ஜின்தான். இத்தனை வருடம் நான் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, பட்டனை அமுக்க உன் சின்னக் கை இருந்ததால் வந்த தைரியம்.

வளைகாப்பில் எல்லோரும் வளையல் போட்டு முடிப்பதற்குள் நான் ஷோரூம் தம்பிக்கு ஃபோன் செய்துவிட்டேன். மறுநாள் டர்போ காரை மறுபடி எடுத்து வரச் சொன்னேன். வந்தார். நான் யூனிட்டுக்குள்ளிருந்து விளக்குப் பெட்டிகளைத் தூக்கிவந்து அவர் காரில் ஏற்ற ஆரம்பித்ததும் பதறிப்போனார்.

"மேடம், டெஸ்ட் டிரைவுக்கு யாரும் லக்கேஜ் ஏத்த மாட்டாங்க மேடம்."

"நாங்க ஏத்துவோம் தம்பி. வூட்டு வண்டின்னா இதெல்லாம் ஏறும். ஏத்திப் பாக்காம எப்பிடி வாங்குறது?"

"அதிரசம் மட்டும்தான் கொறையுது" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஏறினார். இடம் போதாமல் ஒரு பெட்டி அந்தத் தம்பியின் மடியிலேயே ஏறியது. நல்ல உச்சி வெயில். ஏசியை முழுசாகத் திருகிவைத்தேன். அதே மேம்பாலம். இந்த முறை நீ சொன்னதுபோல இரண்டாவது கியர், ஏற்றம் தொடங்கும் முன்னாலேயே காலை ஊன்றினேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல, ஆத்திரமில்லாமல், சீராக, கார் ஏறியது. பாலத்தின் உச்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அம்மா, ரோட்டப் பாரு" என்றாய். என் வசனத்தை நீ பேசினாய்.

கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பஞ்சமா? கிடைத்தது. அதே இரட்டை டிரெய்லர், அதே புழுதி. நான் அவசரப்படவில்லை. வளைவு முடிந்து, எதிரே கண்ணுக்கெட்டியவரை ரோடு தெரியும்வரை பின்னாலேயே போனேன். கியரைக் குறைத்தேன். வெளியே எடுக்கும் அந்த நொடியில் வாய் தானாகவே, "பாப்பா, ஏசி!" என்று கத்திவிட்டது. உன் கையும் தானாகவே நீண்டது. பட்டனுக்கு மேலே வந்து, பாதியில் நின்றது.

"வேணாம்மா. அது பாட்டுக்கு ஓடட்டும். நீ மிதி."

மிதித்தேன். முதல் டிரெய்லர், இரண்டாவது டிரெய்லர், டிராக்டர்க்காரரின் தலைப்பாகை, எல்லாம் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. நாம் நம் பாதைக்குத் திரும்பியபோது எதிரே இன்னும் வெறும் ரோடுதான் இருந்தது. எவ்வளவு ரோடு மிச்சம் இருந்தது, பாப்பா! மிச்சமிருந்த அந்த ரோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு டர்போ என்றால் என்ன என்று புரிந்தது. அப்பா பெட்டிமேல் தாளம் போட்டார். ஷோரூம் தம்பி மட்டும், "தாண்டியாச்சி மேடம், தாண்டியாச்சி, காலை எடுத்துடுங்க மேடம்" என்று மடியிலிருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டார். அவருக்கு மோர் வாங்கிக்கொடுத்துத்தான் அனுப்பினோம்.

ஆகவே என் தீர்ப்பை மாற்றி எழுதுகிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும். சின்னக் காரை 'சிட்டி கார்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். நம் பக்கத்தில் எந்தச் சின்னக் கார் சிட்டிக்குள்ளேயே கிடக்கிறது? திங்கள் முதல் வெள்ளிவரை கடைவீதியில் ஊர்ந்தாலும், சனிக்கிழமை அதே கார் ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒற்றை ரோட்டில் லாரிக்குப் பின்னால் நிற்கும், மலைக்கோயில் ஏறும், ஆஸ்பத்திரிக்கு ஓடும். பெரிய கார் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பலம் கேட்காமலேயே கிடைத்துவிடுகிறது. சின்னக் காரில் போகிற குடும்பம் மட்டும் எதிர்ப்பாதையில் பாதி நேரம் கூடுதலாக நின்று, ஏசியை அணைத்து, சாமியைக் கும்பிட வேண்டுமா? சின்னக் காருக்குத்தான் முதலில் டர்போ வேண்டும் என்பேன். ஆனால் அது பந்தயம் ஓடுகிற டர்போவாக இருக்கக் கூடாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே காற்றைக் கொடுத்து, பாரம் இழுக்கிற டர்போவாக இருக்கட்டும். ஊர் எல்லையைத் தாண்டாத எதிர்வீட்டு டீச்சரம்மா போன்றவர்கள் தலையில் அதைக் கட்டவும் வேண்டாம். போன வாரம் அவர்கள் கேட்டபோது, "ஒங்களுக்கு எதுக்குங்க டீச்சர், சாதா வண்டியே வாங்குங்க, ஆயிலு கவலையும் இல்ல" என்று நானே சொல்லி அனுப்பினேன். விஷயம் தெரிந்தவள்போல நான் பேசியதைக் கேட்டு அப்பா உள்ளே போய்ச் சிரித்தார்.

உன் கார் வீட்டுக்கு வந்த பிறகும் நான் சூளைக்காரியாகத்தான் இருந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சூளையை அணைத்ததும் கதவைத் திறக்கக் கூடாது. சூட்டில் இருக்கிற சாமான்மேல் குளிர்காற்று பட்டால் மொத்தமும் விரிசல் விடும். அதனால் நெருப்பை அணைத்தவர் தன் சாப்பாட்டுப் பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார், அவரே வந்து பையை எடுக்கும்வரை யாரும் கதவைத் தொட மாட்டோம். டர்போவும் சூட்டில் ஓடுகிற சாமான் என்றதும், நான் கடைக்குப் போய் வந்து காரை அணைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம். டீச்சரம்மா வெளியே வந்து, "என்னாம்மா, கதவு பூட்டிக்கிச்சா?" என்று கேட்டார்கள். நீ ஓடிவந்து, "கடைக்குப் போய் வந்ததுக்கு ஒண்ணுமே தேவையில்லம்மா. மலை ஏறினா, ரொம்ப வெரட்டி ஓட்டினா, அரை நிமிஷம் சும்மா வுட்டாப் போதும்" என்று சாவியைத் திருகினாய். ஆனால் அந்த அரை நிமிடத்தை நான் உனக்கு வேறு விதத்தில் சிபாரிசு செய்கிறேன். ஷிப்டில் யாராவது கத்தினால், வேலை உன்னை விரட்டினால், அந்தச் சூட்டோடு யாருக்கும் பதில் சொல்லாதே. அரை நிமிடம் அப்படியே ஓடவிடு. பிறகு அணை.

இன்னும் ஒன்று. அன்று பஸ் வந்தபோது நான் செய்ததில் ஒன்றே ஒன்று சரி, பிரேக்கை மிதித்துத் திரும்பி வந்தது. ஓசூரில் உனக்குப் பலமான வண்டியும் பலமான படிப்பும் இருந்தாலும், பாதி தாண்டிய பிறகு சரிப்படாது என்று தோன்றினால், வேலையோ ஊரோ மனிதரோ எதுவானாலும், கூச்சமில்லாமல் திரும்பி வரிசைக்கு வா. பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக உன் கால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இதை வீட்டில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று ஃபோனைப் பார்ப்பாய். எழுத்தில் இருந்தால் இரண்டாவது தடவை படிப்பாய்.

நீ கிளம்பிய காலையில் "போயிட்டு வரேம்மா" என்று கை காட்டிவிட்டுத் தெருமுனை திரும்பினாய். அதற்குப் பிறகு நான் யூனிட்டில் எதை எடுத்தாலும் கீழே போட்டேன். ஒரு பிள்ளையார் பொம்மைக்குக் காது போயிற்று. உளுந்தூர்பேட்டை தாண்டியிருப்பாள், சேலம் வந்திருப்பாள் என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கலாமே என்றார் அப்பா. தொப்பூர் நேரம் வந்ததும் அவரும் கேலியை நிறுத்திவிட்டார். ஃபோன் அடித்தது.

"ஏறிட்டேம்மா!"

"ஏசிய அணைச்சியா?" முதலில் வந்தது அதுதான்.

"எதுக்கு? துப்பட்டாவப் போத்திக்கிட்டு ஏறினேன். அவ்ளோ குளிரு. ரெண்டு கன்டெய்னர் லாரிய வேற தாண்டினேன்."

"பின்னாடி என்னாடி சத்தம்? வண்டிய இன்னும் நிறுத்தலியா?"

"ஓரமா நிறுத்திட்டேம்மா. இன்ஜின இப்பதான் அரை நிமிஷம் வுட்டிருக்கேன். அந்த அரை நிமிஷத்துலதான் ஒங்கிட்ட பேசறேன்."

அப்பா ஃபோனைப் பிடுங்கி, "அணைக்காமயே ஏறினியா?" என்று மறுபடி அதையே கேட்டார். யூனிட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் தூரிகையை வைத்துவிட்டு என்ன என்றார்கள். "எம் பொண்ணு ஏசியப் போட்டுக்கிட்டே தொப்பூர் ஏறிட்டா" என்றேன். அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். காது போன பிள்ளையாரை விற்கவில்லை, உன் மேசைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பொங்கலுக்கு நீ வரும்போது சாவியை வாசலிலேயே என் கையில் கொடுத்துவிடு. அப்போது கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகும், கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. நீ முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் வாய் தவறிக் கத்தினாலும் பட்டனைத் தொடாதே.

உன் அம்மா